இந்த வருஷத்துக் காப்பரிசி

கருங்குழி
26-8-1997

சிரஞ்சீவி சம்பத்துக்கு உப்பிலியின் ஆசீர்வாதம். இங்கே பெருமாள் புண்ணியத்தில் எல்லாரும் சௌக்கியம். நாகபுரி மழையில் உன் முட்டிவலி தேவலையா? தைலம் தீர்ந்திருந்தால் எழுது.

உன் கடிதம் வந்து நாளாயிற்று. காலாண்டுப் பரீட்சைக்கு வினாத்தாள் தயார் செய்யும் வேலை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பயலுக்கும் பின்னம் கூட்ட வரவில்லை. நான் கத்துகிற கத்தலில் சாலையில் போகிற பஸ் டிரைவருக்கே பின்னம் வந்திருக்கும். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் அக்கா வெல்ல டப்பாவை எங்கே ஒளிக்கிறாள் என்று நானும் தேடிக்கொண்டேதான் இருக்கிறேன், கிடைத்தபாடில்லை.

வழக்கம்போல அடியில் ஒரு வரி எழுத அவளுக்குக் கை சரியில்லை. குடம் தூக்கியதில் லேசான சுளுக்கு. நீ அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

உன் க்ஷேமத்துக்கு உடனே பதில் போடு.

உப்பிலி

நாகபுரி
3-9-1997

அத்திம்பேருக்கு சம்பத் நமஸ்காரம். நான் சௌக்கியம். முட்டியும் சௌக்கியம். அங்கே சௌக்கியமா என்று சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

அக்காவுக்கு எந்தக் கையில் சுளுக்கு? அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து உங்கள் கடிதம் ஒன்றுகூட அவள் கைவரி இல்லாமல் வந்ததில்லை. டைபாய்டில் படுத்திருந்தபோதுகூட, ‘தம்பி, வேளைக்குச் சாப்பிடு’ என்று கோணல்மாணலாக எழுதியிருந்தாள். இந்தத் தடவை கடிதத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன். கருங்குழி என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தபால் முத்திரை செங்கல்பட்டு என்கிறது.

உங்களுக்குக் கோபம் வரும், கணக்கு வரும். பொய் மட்டும் வராது அத்திம்பேர். என்ன நடந்தது?

சம்பத்

செங்கல்பட்டு
12-9-1997

சிரஞ்சீவி சம்பத்துக்கு உப்பிலி ஆசீர்வாதம். நீ நலமாயிருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதப் போன தடவை கை கூசியது, ஆனாலும் எழுதினேன். இந்தத் தடவை அப்படி எழுதப் போவதில்லை.

செங்கமலம் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பயப்படாதே, ஆபத்தான கட்டம் தாண்டிவிட்டது. தாண்டிய பிறகு உனக்கு எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன். எஸ்.டி.டி. பூத்தில் நின்று பத்துப் பேர் கேட்க இதையெல்லாம் கத்த என்னால் முடியாது.

ஆகஸ்ட் நடுவில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பல் டாக்டர் கொப்பளிக்க மருந்து கொடுத்தார். பிறகு கையில் வளையல் பட்ட இடமெல்லாம் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிற்று. ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனதும் காரை அமர்த்திக்கொண்டு இங்கே வந்தோம். ஹரிப்ரியா என்று ஒரு டாக்டர். வயது முப்பதுகூட இருக்காது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்ததுமே, “வீட்டில எலி மருந்து இருக்கா?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் எனக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னார். உடம்பில் ரத்தம் உறைவதற்கான சரக்கைக் கல்லீரல் தயாரிக்கிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். எலி மருந்தில் ஒரு ஜாதி, அந்த வைட்டமினை உடம்பு திரும்பத் திரும்ப உபயோகிக்க விடாமல் தடுத்துவிடுமாம். பழைய இருப்பு தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. தீர்ந்த பிறகு எங்கே வேண்டுமானாலும் கசியும். அதனால்தான் எலியும் தின்ற இடத்தில் சாகாமல் நாள் கழித்து எங்கோ போய்ச் சாகிறது. நல்லவேளை, இதற்கு மாற்று மருந்து அந்த வைட்டமினேதான். எங்கள் பள்ளிக்கூட வாத்தியார்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். இவளுக்குப் பிளாஸ்மா ஏற்றினார்கள். வைட்டமின் கே-யைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் விட்டார்கள். இரண்டாம் நாள் ரத்தம் நின்றது. நான் நாத்திகனாக இருந்தால்கூட அந்தப் பெண்ணைக் கும்பிட்டிருப்பேன்.

ஆனால் இதோடு முடியவில்லை. விஷம் உடம்பில் மாசக்கணக்கில் தங்குமாம். அதுவரை தினமும் வைட்டமின் கே உள்ளே போக வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நிறுத்தினால் மறுபடி ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து என்கிறார். மாத்திரை இங்கே எந்தக் கடையிலும் இல்லை. அதனால் ஊசி மருந்தையே உடைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்.

எப்படி வயிற்றுக்குள் போயிற்று என்று நீ கேட்பாய். போலீஸ் ஏட்டும் வந்து கேட்டார். “இன்னா மாமி, வாத்தியார் எதுனா சண்டை போட்டாரா? பயப்படாம சொல்லு” என்றார். உன் அக்கா, “அவர் தினமும்தான் சண்டை போடறார். அதுக்கெல்லாம் விஷம் தின்னா நான் இதுக்குள்ள நூறு தரம் செத்திருக்கணும். பரண்ல எலிக்கு வச்சிருந்ததை நானே மறந்துபோய் வாயில போட்டுண்டேன், எழுதிக்கோங்கோ” என்றாள். ஏட்டும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

எனக்குத் தெரிந்ததும் உனக்கு எழுத முடிந்ததும் இவ்வளவுதான். உன் முட்டியைப் பார்த்துக்கொள்.

உப்பிலி

நாகபுரி
20-9-1997

திரு. உப்பிலி அவர்களுக்கு,

கல்பாக்கம் சம்பூர்ணம் எனக்கு எழுதியிருக்கிறாள். பெரியப்பா பெண் என்றாலும் அவள் நாக்கு நீளம்தான், தெரியும். ஆனால் அவள் எழுதியதும் நீங்கள் எழுதியதும் ஒரே விஷயத்தில்தான் வந்து முட்டுகின்றன. எலி மருந்தை யாராவது மறந்துபோய்த் தின்பார்களா? சமையலறையில் உப்பு டப்பா ஓர் அங்குலம் நகர்ந்தாலும் கண்டுபிடிக்கிறவள் என் அக்கா. அவள் பரணில் எலி மருந்து வைத்துவிட்டு மறந்தாளாம், எடுத்துத் தின்றாளாம். இதை ஏட்டு நம்பட்டும், நான் நம்பமாட்டேன்.

உங்கள் கோபம் ஊரறிந்தது. அது அவளை எந்த நிலைமைக்குக் கொண்டுபோய் விட்டது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். ‘உனக்கு எழுத முடிந்தது இவ்வளவுதான்’ என்றால் எழுத முடியாதது என்ன?

இங்கே ஐந்தாறு கடை ஏறி இறங்கி வைட்டமின் கே மாத்திரை வாங்கிவிட்டேன். ரிஜிஸ்தர் பார்சலில் வருகிறது. அதை அக்கா கையில் கொடுங்கள். அவளே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும்.

சம்பத்

கருங்குழி
8-10-1997

சிரஞ்சீவி சம்பத்துக்கு உப்பிலி ஆசீர்வாதம். நீ க்ஷேமம் விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன். முட்டி எப்படி?

உன் கடிதம் வந்தது. வீதியில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்காமல் கேட்பதை நீ நேராகக் கேட்டாய். ஒரு விதத்தில் அது மரியாதை. கோயில் கோஷ்டியில்கூட என் பக்கத்தில் இப்போது ஓர் ஆள் இடைவெளி விட்டு நிற்கிறார்கள். காற்றோட்டமாக இருக்கிறது.

செங்கமலத்தை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. அந்த ஆம்பூலை நீ பார்க்க வேண்டும். கண்ணாடிக் கழுத்தை உடைத்து, மஞ்சளாகக் கொழகொழவென்று இருக்கிற மருந்தைக் கரண்டியில் ஊற்றினால் உன் அக்கா முகம் போகிற போக்கு! ஒரு முணுமுணுப்பு இல்லாமல் குடித்துவிடுவாள். குடித்துவிட்டு, “இதையும் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிட்டுத் தரேளா?” என்று நைவேத்தியம்போலக் கேட்பாள். உன் பார்சல் வந்ததிலிருந்து அந்த வேலையும் இல்லை. ‘தம்பி கடை கடையாய் அலைஞ்சு வாங்கினது’ என்று மாத்திரை அட்டையைப் பெருமாள் படத்தடியில் வைத்து, தினமும் குளித்ததும் ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். நான் தொடுவதில்லை. நீ சொன்னபடியே.

உப்பிலி

தம்பி, அத்திம்பேரைத் திட்டாதே. நான் சொல்லச் சொன்னதைத்தான் அவர் சொல்கிறார். மாத்திரை இனிப்பாக இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. – செங்கமலம்

கருங்குழி
24-11-1997

சிரஞ்சீவி சம்பத்துக்கு உப்பிலி ஆசீர்வாதம். அவள் எழுதிய அந்த ஒரு வரிக்கும் நீ பதில் போடவில்லை. இருந்தாலும் நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை கடிதத்தைக் கிழிக்காதே.

தீபாவளிக்குக் கல்பாக்கம் போனோம். ‘நான் உயிரோட நன்னா இருக்கறதைச் சம்பூர்ணம் கண்ணால பாக்கட்டும், பாதி வதந்தி அதுலயே நின்னுடும்’ என்றாள் உன் அக்கா. அங்கிருந்து ஒரு நாள் மாமல்லபுரம். கடற்கரையில் இழுத்துப் போட்டிருந்த படகின் மரத்தில் முழங்காலை லேசாக இடித்துக்கொண்டாள். அரை மணியில் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. மூக்கிலும் ரத்தம். சம்பூர்ணத்தின் வீட்டுக்காரர் சிவராம் திருக்கழுக்குன்றம் வழியாக ஓட்டின ஓட்டத்தை மறக்க முடியாது. சம்பூர்ணம் வழி முழுக்க இவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளைப்பற்றி நான் இதுவரை உன்னிடம் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மருந்தில் நடுவில் ஒரு தடங்கல் ஏற்பட்டுவிட்டது. என் கவனக்குறைவு. ஹரிப்ரியா மறுபடி பிளாஸ்மா, மறுபடி வைட்டமின் கே என்று இரண்டாவது தடவை அவளை இழுத்துக் கொண்டுவந்தார். இப்போது வீட்டில் இருக்கிறாள். ஆம்பூலே போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் நீ இனி மாத்திரை அனுப்ப வேண்டாம்.

இனி நான் எழுதப் போவது, எழுதக் கூடாது என்று உன் அக்கா என்னிடம் பெருமாள் மேல் ஆணை வாங்கியிருந்த விஷயம். நேற்று அவளே ஆணையை விலக்கிவிட்டாள்.

படாளத்துச் சடையப்பனை உனக்குத் தெரியும், நம் வீட்டுக்கு நெல் போடுகிறவன். அவன் பெண்சாதி செல்லம்மா ஒவ்வோர் ஆடிப் பதினெட்டுக்கும் உன் அக்காவுக்கு மந்தாரை இலையில் வெல்லம் கலந்த காப்பரிசி கட்டிக்கொண்டு வருவாள். இந்த வருஷமும் வந்தது. சடையப்பன் அதே வாரம் கடலைக் கொல்லை எலிக்கு அரிசி கலந்திருக்கிறான். பச்சரிசி நொய், கருப்பு வெல்லம், எண்ணெய், அதில் மருந்து. இரண்டு நாளாகியும் எலி சாகவில்லை, மருந்து டூப்பு என்று நினைத்து இன்னும் அள்ளிப் போட்டுக் கலந்திருக்கிறான். அது மெதுவாகக் கொல்லும் மருந்து என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வளையில் வைக்கச் சௌகரியமாக மந்தாரை இலையில் பொட்டலம் கட்டி, காப்பரிசிப் பொட்டலம் இருந்த அதே கூடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். அவசரத்தில் செல்லம்மா கை மாறி எடுத்துவிட்டாள்.

உன் அக்கா பிரித்துப் பார்த்திருக்கிறாள். எள் இல்லை, தேங்காய்க் கீற்று இல்லை, பொட்டுக்கடலை இல்லை. நீயும் நானுமாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்போம். அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? ‘இந்த வருஷம் வெள்ளாமை சரியில்லை போலிருக்கு. பாவம், கை சுருங்கிப்போன நேரத்துலயும் எனக்குன்னு கொண்டு வந்திருக்கா.’ கசப்பைக் காறல் வெல்லம் என்று நினைத்துக்கொண்டாள். தூக்கிப் போட மனசு வராமல், சர்க்கரைக்காரனான என் கண்ணில் படாமல், தினமும் குளித்ததும் ஒரு வாயாகப் பொட்டலம் முழுவதையும் தின்று தீர்த்தாள். செல்லம்மாவிடம் நன்றாயிருந்தது என்று வேறு சொல்லியிருக்கிறாள். என் சர்க்கரை வியாதி இதுவரை உருப்படியாகச் செய்த ஒரே காரியம், அந்தப் பொட்டலத்தை என்னிடமிருந்து ஒளித்துவைத்ததுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எலி மருந்து என்று சொன்ன அந்த நிமிஷமே இவளுக்குப் புரிந்துவிட்டது. கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. என்னைக் குனியச் சொல்லி, “படாளம் போங்கோ. செல்லம்மா ஆத்துல யாருக்காவது பல்லுல ரத்தம் வரதா பாருங்கோ. அந்தப் பொட்டலம் வேற யாருக்குப் போச்சுன்னு கேளுங்கோ” என்றாள். நான் போனேன். இன்னொரு பொட்டலம் பொத்தேரிக்குப் போயிருந்தது. அங்கே காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறாள் செல்லம்மாவின் மகள். அவளும் பாதி தின்றிருந்தாள். கெண்டைக்காலில் கன்றியிருந்ததை, கிரைண்டர் இடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எள் இல்லையே என்று ஏன் கேட்கவில்லை என்றால், அம்மா கஷ்டத்தில் இருக்கிறாள் என்று நினைத்தாளாம். இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள் பார். அவளையும் ஹரிப்ரியாவிடம் கொண்டுவந்தோம். ரத்தம் வெளியே கசியும் முன்பே மருந்து உள்ளே போய்விட்டது.

டாக்டரிடம் எல்லாம் சொன்னோம். தவறுதலாக உண்டது என்று அவர் எழுதினார், அதுதானே உண்மை. ஆனால் ஏட்டிடம் சொன்னதை மாற்ற உன் அக்கா சம்மதிக்கவில்லை. “சடையப்பன் பேரைச் சொன்னா அறுப்பு நேரத்துல ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைவான். செல்லம்மா உசிரோட இருக்கமாட்டா. என்னைப்பத்தி ஊர் என்ன வேணா பேசட்டும், நான்தான் சாகலையே” என்றாள். ஊர் என்னைப்பற்றியும் பேசுமே என்றேன். “உங்களைப்பத்தி அது ஏற்கெனவே பேசிண்டுதான் இருக்கு” என்றாள்.

நேற்றுச் சடையப்பன் வந்திருந்தான். நீ எழுதியது எப்படியோ அவன் காதுக்கு எட்டிவிட்டது. வாசலிலேயே நின்று சொன்னான்: “வாத்தியாரே, மாமியோட தம்பி உன்னிய தப்பா நெனச்சிகினு கீறாராமே. நான் இன்னா சோத்துல உப்பு போட்டுத் துன்றவன் இல்லியா? எழுது சாமி. என் பேரப் போட்டே எழுது. போலீசு வந்தா வரட்டும்.” செங்கமலம் என் பக்கம் திரும்பி, “எழுதுங்கோ. தம்பிக்கு மட்டும்” என்றாள்.

இருபத்துநாலு வருஷம் இவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இவள் யார் என்று இப்போதுதான் தெரிந்தது, சம்பத். எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது. அவளிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

உப்பிலி

நாகபுரி
6-12-1997

அத்திம்பேர் திருவடிகளில் சம்பத் அநேக நமஸ்காரம். அக்காவுக்கும் நமஸ்காரம். இங்கே என் உடம்பு சௌக்கியம், மனசு சௌக்கியமில்லை.

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்துவிட்டேன், அது தப்பு. பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ‘திரு.’ போட்டு எழுதினேனே, அந்த ஒரு வார்த்தையை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாமல் என் முட்டியை விசாரித்தீர்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அக்காவா மருந்தை விட்டாள்? நீங்களா கவனக்குறைவாக இருந்தீர்கள்? வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினாலும் விடாத கை உங்களுடையது. என்ன தடங்கல் என்று எழுதுங்கள். மாத்திரை ஏன் வேண்டாம் என்றும் எழுதுங்கள். விடுப்பு கிடைத்ததும் வருகிறேன்.

சம்பத்

கருங்குழி
19-1-1998

சிரஞ்சீவி சம்பத்துக்கு உப்பிலி ஆசீர்வாதம். பொங்கல் நன்றாக ஆயிற்று. உனக்கும் ஆகியிருக்கும். திருவடி கிருவடி எல்லாம் எனக்கு வேண்டாம், எனக்குக் காலில் சர்க்கரைப் புண் வேறு.

செங்கமலம் தேறிவருகிறாள். மாசம் இரண்டு தரம் செங்கல்பட்டு. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி ஹரிப்ரியா மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். அவசரமே கிடையாது அந்தப் பெண்ணுக்கு. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கீரையில் வைட்டமின் கே நிறைய என்கிறார்களே, முருங்கைக்கீரையாகவே தின்றால் ஆகாதா என்று கேட்டேன். “சார், அவங்களுக்கு வேணுங்கிற அளவுக்குக் கீரை தின்னணும்னா உங்க ஊர் ஏரிக்கரை முழுக்க மேயணும்” என்றார். உன் அக்கா சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள்.

நான் எவ்வளவோ வாத்தியார்களைப் பார்த்தவன். கெட்டிக்காரத்தனம் வேறு, கண்டிப்பு வேறு, கனிவு வேறு. மூன்றும் ஒரே ஆளிடம் இருந்து இப்போதுதான் பார்க்கிறேன். ஐப்பசியில் நாங்கள் திரும்பப் போய் நின்றபோது, வேறு டாக்டராக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். இவர் என்னை ஒரே ஒரு தரம் நன்றாகக் கடிந்துகொண்டுவிட்டு வேலையைப் பார்த்தார்.

நீ கேட்ட மற்ற விஷயத்தில் எழுத ஒன்றுமில்லை. முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உப்பிலி

தம்பி, கரும்பு வாங்கிக் கடித்தாயா? – செங்கமலம்

நாகபுரி
15-2-1998

அத்திம்பேருக்கு சம்பத் நமஸ்காரம். தைலம் வந்தது. கரும்பு கடித்தேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

போன வாரம் இங்கே ஒரு டாக்டரிடம் முட்டியைக் காட்டப் போனேன். பேச்சுவாக்கில் அக்கா விஷயத்தைச் சொல்லி, நான் வாங்கின மாத்திரையின் மிச்ச அட்டையைக் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, இது கே-3, இந்த விஷத்துக்குக் கே-1 ஒன்றுதான் மருந்து, இதைத் தின்பதும் ஒன்று, தின்னாமலிருப்பதும் ஒன்று என்றார். இரண்டையும் வைட்டமின் கே என்றுதான் கடைக்காரன் கொடுக்கிறானாம்.

வீட்டுக்கு வந்து சம்பூர்ணத்துக்கு எழுதிக் கேட்டேன். அவள் எதையும் மறைக்கிற ஜாதி இல்லை. டாக்டர் மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டி, ‘யார் இதை மாத்தினது?’ என்று கேட்டபோது நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, ‘நான்தான் கடையில விசாரிக்காம வாங்கிட்டேன்’ என்றீர்களாம். பரீட்சையில் பிட் அடித்து அகப்பட்ட பையன் மாதிரி நின்றீர்களாம்.

அத்திம்பேர், நான் கடை கடையாய் அலைந்து வாங்கிய மாத்திரை அது. அவள் பெருமாள் படத்தடியில் வைத்துத் தின்ற மாத்திரை. உங்களைச் சந்தேகப்பட்டு, உங்கள் கை படக் கூடாது என்று எழுதி அனுப்பிய மாத்திரை. நான்தானே அவளைச் சாகக் கொடுக்க இருந்தேன்? ஆமாம் என்றாவது ஒரு வார்த்தை எழுதுங்கள்.

சம்பத்

கருங்குழி
20-5-1998

தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். எல்லாரும் சௌக்கியம். ரத்தம் சரியாகிவிட்டது. மருந்தை நிறுத்தி, மறுபடி பார்த்தும் சரியாகவே இருக்கிறது என்று ஹரிப்ரியா சொல்லிவிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன், அவளும் அழுதாள். இவர் உனக்குப் பதில் எழுத உட்காருகிறார், பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுகிறார். கோபமெல்லாம் இல்லை, பயப்படாதே. கார்டில் இடமில்லை. வேளைக்குச் சாப்பிடு. – செங்கமலம்

கருங்குழி
4-8-1998

சிரஞ்சீவி சம்பத்துக்கு உப்பிலி ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் சௌக்கியம். இந்தத் தடவை அதை நிஜமாகவே எழுதுகிறேன்.

உன் கேள்விக்கு இவ்வளவு மாசம் பதில் எழுதவில்லை. ஆமாம் என்று எழுத மனசில்லை, இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். எனக்குப் பொய் வராது என்று நீதான் சர்டிபிகேட் கொடுத்திருக்கிறாய். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஹரிப்ரியா சீட்டில் கே-1 என்றுதான் எழுதியிருந்தார். உனக்கு எழுதும்போது அந்த ஒன்றை விட்டுவிட்டவன் ஒரு கணக்கு வாத்தியார். ஒன்பதாம் வகுப்புப் பயல் ஒருவன் அப்படி விட்டிருந்தால் நான் முழு மார்க்கையும் குறைத்திருப்பேன். ஆகையால் டாக்டரிடம் நான் சொன்னது அவ்வளவு ஒன்றும் பொய்யில்லை. இதற்கு மேல் இந்த விஷயத்தை எடுத்தால் உன்னோடு சண்டைக்கு வருவேன்.

நேற்று ஆடிப் பதினெட்டு. காலையிலிருந்து செங்கமலம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். செல்லம்மா வரவில்லை. சாப்பாடு ஆனதும், “படாளம் போகணும், கிளம்புங்கோ” என்றாள். பஸ்ஸில் போனோம்.

செல்லம்மா களத்தில் கடலை காய வைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். உன் அக்கா நேராக அவளிடம் போய், “இந்த வருஷத்துக் காப்பரிசி எங்கே?” என்று கேட்டாள்.

“வேணாம்மா. இந்தக் கையால இனிமே காப்பரிசி கலக்கமாட்டேன்னு ஆத்தா மேல சத்தியம் பண்ணிகினு கீறேன்” என்றாள் செல்லம்மா.

“நீ கொண்டு வருவேன்னு நான் காலம்பரலேர்ந்து வெறும் வாயோட இருக்கேன். எனக்குப் பசிக்கிறது.”

அது பொய். அவள் சாப்பிட்டதை நான் பார்த்தேன். செல்லம்மா அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் சடையப்பன் வீட்டுக்குள் ஓடிப் போய் நின்றுகொண்டான். பிறகு அவனே அரிசியை ஊற வைத்தான். செங்கமலம் வெல்லம் நசுக்கினாள், செல்லம்மா தேங்காய் கீறினாள். பொத்தேரியிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த மகள் எள் வறுத்தாள். எலி மருந்து எங்கே என்று நான் கேட்டேன். “இப்ப இன்னா வச்சாலும் தகர டப்பால பூட்டி, மண்டை ஓடு வரைஞ்சி, கொல்லையாண்ட தொங்குது சாமி, வூட்டாண்ட இல்ல” என்றான் சடையப்பன்.

கலந்து முடித்ததும் முதல் பிடியைச் செல்லம்மாதான் வாயில் போட்டுக்கொள்ளப் போனாள், தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காட்ட. உன் அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, “எனக்குத்தானே கலந்தே? எனக்குக் குடு” என்று கையை நீட்டி வாங்கி, அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கிவிட்டு, “போன வருஷத்தை விட நன்னா இருக்கு” என்றாள். செல்லம்மா முதல் தடவையாகச் சிரித்தாள்.

நானும் கையை நீட்டினேன். செங்கமலம் என் சர்க்கரையை நினைத்து என்னைப் பார்த்தாள். நான் கையை எடுக்கவில்லை. ஒரு சிட்டிகை போட்டாள். சம்பத், இருபத்தைந்து வருஷத்தில் அவள் கையால் எனக்குக் கிடைத்த முதல் வெல்லம் அது. அப்போதுதான் அவளிடம் சொன்னேன், சொல்ல வாய் வரவில்லை என்று உனக்கு எழுதியிருந்தேனே, அந்த விஷயத்தை. அத்தனை பேர் எதிரில். “அதுக்கென்ன இப்போ, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள். ஆனால் முகம் சிவந்துவிட்டது.

விடுப்பு கிடைத்ததும் வா என்று எழுத நினைத்தேன். கிடைக்காவிட்டாலும் வா.

உப்பிலி

தம்பி, பார்சலில் உனக்கும் ஒரு பிடி காப்பரிசி வைத்திருக்கிறேன். செல்லம்மா கலந்தது. வழியில் கெட்டுப்போகும் என்று தேங்காயை மட்டும் எடுத்துவிட்டேன். தேங்காய் இல்லையே என்று சந்தேகப்படாதே. சாப்பிடு. – செங்கமலம்